பத்தொன்பதாம் கார்டு

லெச்சுமணண்ணே, நேற்று சுமதி உங்கள் நம்பர் கார்டைக் கேட்டாள். "அக்கா, பதினெட்டுக்குப் பொறகு இருபதுதான் இருக்கு. பத்தொம்போது எங்க? தொலஞ்சிருச்சா?" என்றாள். ரிப்கா மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள். நான் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் கார்டு அதில்தான் இருக்கிறது. ஏழு மாதமாக இருக்கிறது.

சுமதி, ரிப்கா, என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குத்தான் இனிச் சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் நான் வேலையை விடுகிறேன். எனக்கு வயது இருபத்தைந்து. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பென்ஷன் வாங்கிப் போகிறவள் மாதிரி புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். இந்தக் கதவில் ஏழு வருஷம் நின்றிருக்கிறேன். புத்தி வந்தது உண்மைதான். வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

லெச்சுமணன் என் கூடப்பிறந்த அண்ணன். எனக்கும் அவருக்கும் இருபது வயது வித்தியாசம். நம் பல் கிளினிக்கில் கதவு திறப்பது, கூட்டுவது, கீழேயிருந்து தண்ணீர் கேன் தூக்கி வருவது, வரிசை பார்ப்பது எல்லாம் அவர்தான். என்னை இங்கே வேலைக்குச் சேர்த்ததும் அவர்தான். இரும்புக்கடைக்கு மேலே இருக்கிறோம் என்பதால் இருபத்திரண்டு படி. ஏறி வருகிற எல்லாரும் அதைத்தான் முதலில் குறை சொல்வார்கள். அண்ணன், "பல்லு வலிய மறக்கத்தாங்க இத்தன படி" என்பார்.

சனிக்கிழமை வரிசை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அது ஏன் அப்படி என்று தெரியாது. சனிக்கிழமை மட்டும் கண்டியிலிருந்து வருகிற டொக்டர் தாடை மூட்டுக்கென்றே தனியாகப் படித்தவர். அவர் ஒரு தாடை ஆளைப் பார்க்க முக்கால் மணி நேரமாகும். வாயைத் திற என்பார், மூடு என்பார், காதுக்கு முன்னால் விரல் வைத்து மறுபடி திறக்கச் சொல்வார், எப்போது நித்திரை, வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்பார். பல் பிடுங்க வந்தவனுக்குப் பத்து நிமிஷம் போதும். அதனால் பல் ஆட்கள் முதலில், தாடை ஆட்கள் பிறகு, வேலை செய்கிற நாங்கள் எல்லாருக்கும் பிறகு. இந்த ஒழுங்கைப் போட்டது அண்ணன். டொக்டர் சரி என்றார். தாடை வலியால் யாரும் சாவதில்லை, காத்திருக்கலாம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

போன வருஷம் தாடை ஆட்கள் அதிகம். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம்; இங்கே பஸ்ஸில் குண்டு, வீதியில் சோதனை. பல்லேகமவிலிருந்து ஒரு அம்மா வந்தார். கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் மூன்று இல்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள், பேச்சும் அப்படித்தான். "ஆரம்மா இந்தப் பல்லுகளைப் பிடுங்கினது?" என்று கேட்டார்.

"நான்தாங்க புடுங்கச் சொன்னேன். மொதல்ல ஒண்ணு. வலி நிக்கல. அப்ப பக்கத்துப் பல்லா இருக்கும்னு அதையும் எடுத்தேன்."

"பிறகு?"

"பொறகு அதுக்குப் பக்கத்துது."

"நல்ல காலம் இஞ்சை வந்தியள். இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா பிடுங்கப் பல்லே இருந்திராது."

எப்போது தொடங்கியது என்று கேட்டார். மகன் போகிற பஸ்ஸில் குண்டு வெடித்த நாளிலிருந்து என்றார் அந்த அம்மா. டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மகனுக்கு என்ன ஆனது என்று கேட்டார்.

"அவனுக்கு ஒண்ணும் இல்லீங்க. அன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டான். நல்லா சாப்புடுறான். எனக்குத்தான் பேக்கரி பாண் கூட கடிக்க ஏலாம இருக்கு."

அந்த அம்மாவுக்குப் பல்லில் ஒன்றும் இருந்ததில்லை. மகன் வீட்டை விட்டுப் போகும்போது பல்லைக் கடிக்கத் தொடங்கி, அவன் திரும்பி வந்து படுத்த பிறகும் நித்திரையில் கடித்துக்கொண்டிருந்தார். டொக்டர் மேல்பல்லுக்கு ஒரு பிளேட்டு செய்து கொடுத்தார். நித்திரையில் போட்டுக்கொண்டால் மூட்டில் பாரம் குறையும். கொஞ்ச நாள் கஞ்சி, குழைந்த சோறு, வெந்நீர் ஒத்தடம். இரண்டு மாதத்தில் பாண் கடித்தார்.

இப்படி எத்தனை பேர். கடைக்காரர், டீச்சர், விசாரணைக்குப் பிடித்துப் போன புருஷன் மூன்று நாளில் திரும்பி வந்த ஒரு பெண். டொக்டரும் கண்டியிலிருந்து வருவதற்குள் மூன்று இடத்தில் அடையாள அட்டை காட்ட வேண்டும். அவரும் பிளேட்டு போட்டுத்தான் படுக்கிறார் என்று ஒரு நாள் அவருடைய பையைத் தூக்கும்போது அண்ணன் கண்டுபிடித்தார். "ஹோட்டல்காரரு வீட்டுல இருந்து பார்சல் கொண்டாந்து சாப்புடுற மாதிரி இருக்கு" என்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஊரில் எல்லாருக்கும் ஒரே வியாதி வந்தால் கேட்பதை நிறுத்திவிடுவோம். யாராவது கன்னத்தில் கை வைத்தாலே, "பயத்துல கடிச்சிருப்பாரு, சனிக்கிழம வரச் சொல்லு" என்போம். நான் அப்படித்தான் சொன்னேன்.

அதற்கு முதல், வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்கிறேன். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

ஒரு சனிக்கிழமை காலை, கிளினிக்குக்கு நேர் கீழே வீதியில் ஆமிக்காரர்கள் ஆட்களை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். ஒரு தமிழ்ப் பொடியன், இருபது வயதிருக்கும், வரிசையில் நின்றவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான். விட்ட வாய் மூடவில்லை. தாடை மூட்டு கழன்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆமிக்காரர் அவனிடம் வந்து, "நம மொகத?" என்று சிங்களத்தில் பேர் கேட்டார்.

அவன், "ஆ" என்றான்.

இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் "ஆ" என்றான். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. கேலி பண்ணுகிறான் என்று ஆமிக்காரருக்கு முகம் மாறிவிட்டது. அட்டையிலும் படத்தில் வாய் மூடியிருந்தது, ஆளிடம் திறந்திருந்தது. அவனைச் சுவரோரமாகத் தனியே நிறுத்தினார்.

படியில் நின்ற அண்ணன் இறங்கிப் போனார். நான் மேல்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். அண்ணனுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். மாத்தயா, இவன் பேச மாட்டேன் என்று நிற்கவில்லை, தாடை கழன்றிருக்கிறது, மேலே டொக்டர் இருக்கிறார், நம்பாவிட்டால் நீங்களும் கூட வந்து பாருங்கள் என்றார். அந்தப் பொடியன் யார் என்று அண்ணனுக்குத் தெரியாது. அவன் பையில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. தாடை மட்டும் தெரியும்.

மூன்று பேரும் இருபத்திரண்டு படி ஏறி வந்தார்கள். சுவரோரம் போட்ட நீள வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழும்பினார்கள். டொக்டர் பெருவிரல் இரண்டிலும் துணி சுற்றி, பொடியனின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். ஒரு சத்தம் கேட்டது. வாய் மூடியது. பொடியன் முதல் வேலையாகப் பேரைச் சொன்னான். பிறகு அப்பா பேர், ஊர், பள்ளிக்கூடம், யாரும் கேட்காததெல்லாம் சொன்னான்.

ஆமிக்காரர் போகவில்லை. தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, சாப்பிடும்போது எனக்கும் இந்த இடத்தில் டக் டக் என்கிறது என்றார். டொக்டர் அப்போதே பார்க்கிறேன் என்று உட்காரக் கதிரையைக் காட்டினார். அண்ணன் குறுக்கே வந்து, அடுத்த சனிக்கிழமை வாருங்கள் மாத்தயா, தாடை ஆட்கள் கடைசி என்று சொல்லி நம்பர் கொடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் ஆமிக்காரர் அடுத்த சனிக்கிழமை வந்து, துவக்கை, குழல் கதவைப் பார்க்க, மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் வாங்கில் காத்திருந்தார். அன்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தாடை வலி கூடியிருக்கும்.

"என்னாண்ணே, பயமில்லயா?" என்று கேட்டேன்.

"பயந்தான். ஆனா ஒருத்தர முன்னுக்கு விட்டா, அப்பறம் எல்லாரும் யாரோட ஆளுன்னு சொல்லிக்கிட்டுல்ல வருவாங்க. இங்கயாச்சும் நம்பர் நம்பரா இருக்கட்டும்."

அதுதான் என் அண்ணன்.

இனி, ஏழு மாதத்துக்கு முதல் அந்த வாரம். ஒரு புதன்கிழமை தண்ணீர் கேனை மேலே வைத்துவிட்டு இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, படி ஏறுனா இந்தப் பக்கம் தாட இழுக்குது. ஒக்காந்தா போயிருது" என்றார்.

நான், "படிய கடிச்சுக்கிட்டா ஏறுறீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் பார்க்கிறேன்.

வியாழன், வெள்ளி அப்படியே போனது. "சனிக்கிழம டொக்டர் வர்றாருல்ல, காட்டுங்க" என்றேன். சனிக்கிழமை காலையில் காய்ந்த பாணைத் தேங்காய்ச் சம்பலோடு கடித்துத்தான் சாப்பிட்டார். பாண் ஓரம் கல் மாதிரி இருந்தது. வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. நான் முன்னால் இருந்துதான் பார்த்தேன். கடிக்கும்போது வலிக்காத தாடை வலியை ஏழு வருஷத்தில் நான் இந்தக் கதவில் பார்த்ததில்லை. பார்த்தும் விளங்கவில்லை.

அன்று பதினெட்டுப் பேர். அண்ணன் வந்து மேசையில் கை நீட்டினார். "எனக்கும் ஒரு கார்டு குடுங்க, மிஸ்" என்றார். நக்கல் பண்ணினால்தான் என்னை மிஸ் என்பார். நான் பத்தொன்பதைக் கொடுத்தேன். பின்பக்கம் பென்சிலால் லெச்சுமணன் என்றும் எழுதினேன். நெற்றியில் வேர்வை இருந்தது. வெயில் என்று நினைத்தேன். எல்லாருக்கும் வேர்த்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"டொக்டர்கிட்ட இப்பவே சொல்லவா?" என்று ஒரு தடவை கேட்டேன். அதை மட்டும் கேட்டேன்.

"ஆமிக்காரனயே ரெண்டு மணித்தியாலம் ஒக்கார வெச்சோம். எனக்கு என்னா அவசரம்" என்றார்.

நான் சரி என்றேன். அவருக்குப் பால் போடாத ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தார். பிறகு இன்னொரு கேன் தூக்கி வந்தார். அதைத் தூக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேனை வைத்துவிட்டு வாங்கின் கடைசியில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்தார். அப்போது பதினைந்தாம் நம்பர் உள்ளே இருந்தது.

பதினாறைக் கூப்பிட்டேன். பதினேழைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்துக்கு நேரேதான் நின்று கூப்பிட்டேன். நித்திரை என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்தாராம். பாவம், வேலை செய்த அசதி என்று தன் பையை நகர்த்தி இடம் விட்டிருக்கிறார்.

பதினெட்டு வெளியே வந்தார்.

"பத்தொம்போது" என்றேன்.

திரும்பி வந்த கார்டுகளை மேசையில் தட்டி அடுக்கினேன்.

"பத்தொம்போது. அண்ணே, ஒங்களத்தான். தூங்குனா நம்பர் போயிரும்."

கார்டு அவருடைய கையிலிருந்து கீழே விழுந்திருந்தது.

டொக்டர் கையுறையோடு ஓடி வந்தார். தரையில் கிடத்தி நெஞ்சில் அழுத்தினார். கீழே இரும்புக்கடை ஆட்கள் த்ரீவீலர் பிடித்து வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அண்ணனின் தலை என் மடியில் இருந்தது. டொக்டர் விடாமல் அழுத்திக்கொண்டே கேட்டார். "எப்ப துவக்கம் நோகுது எண்டவன்?"

"புதன்கிழமையில இருந்து, டொக்டர்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"பத்தொம்போதாம் நம்பர், டொக்டர்" என்றேன். 

ஆஸ்பத்திரியில், உயிர் போய்விட்டது, இருதயம் என்றார்கள். கமலா அண்ணி, "தாட வலின்னுதானே சொன்னாரு" என்று கேட்டார். அதையே மூன்று தடவை கேட்டார். யாரையும் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். இன்றைக்கு வரை அண்ணி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை டொக்டர் உள்ளே போகவில்லை. வாங்கின் கடைசியில், அண்ணன் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்பிடியே திருப்பிச் சொல்லு, பிள்ளை" என்றார். சொன்னேன். படியைக் கடித்த பகிடியையும், காய்ந்த பாணைக் கடித்துச் சாப்பிட்டதையும் விடாமல் சொன்னேன்.

தன் காதுக்கு முன்னால் விரலை வைத்து அமத்திப் பார்த்தார்.

"வாய் திறந்தா நோகேல்லை. கடிச்சா நோகேல்லை. படி ஏறினா நோகுது, இருந்தா நிக்குது. தாடை மூட்டுக்குப் படி தெரியாது, பிள்ளை. நெஞ்சுக்குத்தான் தெரியும். இருதயத்தின்ரை நோவு சில ஆக்களுக்குத் தாடையிலதான் வரும். இதை நான் உனக்கு ஒருநாளும் சொல்லித் தரேல்லை. எனக்கு முன்னாலையும் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனவன். நானும் பல்லைக் கடிக்கிறான் எண்டுதான் நினைச்சன்."

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது இதுதான். யார் வந்தாலும், நம்பர் கொடுப்பதற்கு முதல் கேளுங்கள். சாப்பிடும்போது வலிக்கிறதா? வாயைப் பெரிதாகத் திறந்தால் வலிக்கிறதா? காதுக்கு முன்னால் அமத்தினால் வலிக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் விடாதீர்கள். நடந்தால், படி ஏறினால் வருகிறதா, உட்கார்ந்தால் போகிறதா என்று கேளுங்கள். வேர்வை, மூச்சு வாங்குவது, குமட்டல், நெஞ்சில் பாரம், கை இழுப்பது, இதில் ஏதாவது உண்டா என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலும் விடாதீர்கள். வயதைப் பார்த்து, சிரிக்கிறார் என்பதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அண்ணனுக்கு நாற்பத்தைந்து. அவர் கடைசி வரைக்கும் சிரித்தார்.

இப்படிக் கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களில் நிறையப் பேர் திரும்பி வந்து என்னை ஏசினார்கள். ஒருவர், "வெறும் வாயுக்கு என்ன ஈசிஜி எடுக்க வச்சிட்டியே, புள்ள" என்று படியில் நின்று கத்தினார். சீகிரியாவில் ஹோட்டலில் வேலை செய்கிற இன்னொருவர், ஒரு நாள் சம்பளம் போனது என்று முகம் திருப்பிக்கொண்டு போனார். ஏச்சை வாங்கிக்கொள்ளுங்கள். ஏசுகிற ஆள் உயிரோடு இருக்கிறார்.

ஒருவர் மட்டும் ஐந்து வாரம் வரவில்லை. ஆறாவது வாரம், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தார். இருதய வார்டில் பதினொரு நாள் இருந்தாராம். வந்தவர், ஆஸ்பத்திரிச் சோற்றில் உப்பே இல்லை, அதற்கு நான்தான் பொறுப்பு என்றார். நான் ஆம் என்றேன். அவருக்குப் பிளேன்டி கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். உங்களுக்கு அது எதற்கு, விடுங்கள்.

இப்போது கார்டு விஷயம். இந்த ஏழு மாதமாகப் பதினெட்டுக்குப் பிறகு இருபது என்றுதான் கூப்பிட்டேன். டொக்டரும் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணனின் பேர் பின்பக்கம் இருக்கிறது, அதை என்னோடு கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று ரிப்கா மேசைக்கு அடியில் தேடியதைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. என் பையில் இருந்து அது என்ன செய்யப் போகிறது.

டொக்டரிடம் பேசிவிட்டேன். நாளை காலையில் இந்தக் கடிதத்தோடு கார்டும் உங்கள் மேசைக்கு வரும். அதை மற்றக் கார்டுகளோடு சேர்க்க வேண்டாம். மேசை லாச்சியில், இழுத்தவுடன் கைக்கு வருகிற மாதிரி, தனியாக வையுங்கள். நான் சொன்ன கேள்விக்கு எந்த ஆளின் பதிலாவது உங்களுக்குப் பிடிக்காவிட்டால், பத்தொன்பதை எடுத்து அவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, உள்ளே யார் வாய் திறந்திருந்தாலும் சரி, கதவைத் தட்டுங்கள். பத்தொன்பது என்று மட்டும் சொன்னால் போதும். டொக்டர் எழும்பி வருவார்; அவர் இல்லாத நாளென்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வெளியே வரிசையில் சத்தம் வரும், யாருடைய ஆள் என்று கேட்பார்கள். லெச்சுமணனுடைய ஆள் என்று சொல்லுங்கள்.

வேலை செய்கிற நீங்களும் கடைசி இல்லை. சுமதி, உனக்கும் அந்தக் கார்டு உண்டு. ரிப்கா, உனக்கும் உண்டு. வெட்கப்படாமல் எடுங்கள்.

அண்ணே, வரிசையை உடைத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

இதை வாசிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். சுமதி, வெள்ளிக்கிழமை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனால் லெச்சுமணன் பேரில் ஒரு தீபம் வை. ரிப்கா, உன் தொழுகையில் அவருக்காகவும் துஆ கேள், அவர் கும்பிட்டது வேறு சாமி என்று நினைக்காதே. டொக்டர், நீங்கள் எதைக் கும்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் கும்பிடுங்கள். நம்பர் எடுத்து வாங்கில் காத்திருக்கிறவர்களும் சும்மா இருக்கிற நேரத்தில் அவரை ஒரு தடவை நினைத்து, போன இடத்தில் அவரைக் காத்திருக்க வைக்காமல் உள்ளே எடுக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.